மூன்று டொரண்டோ சென்டர்களும் என் 1,818 டாலரும்

2025 பிப்ரவரி 27, வியாழக்கிழமை காலை பத்து மணி. வாக்குச்சாவடிக்குள் போன நான் ஓட்டுப் போடாமலே வெளியே வந்தேன். குடியுரிமை வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கனடாவில் எனக்கு அதுதான் முதல் தேர்தல், ஒன்டாரியோ மாகாணத் தேர்தல். அதற்காகவே லீவு போட்டிருந்தேன். சம்பளம் இல்லாத லீவு. மணிக்கு 21 டாலர் வீதம் எட்டு மணி நேரத்துக்கு 168 டாலர். திருப்பி அனுப்பியதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. என் ஓட்டுநர் உரிமத்தில் பிராம்ப்டன் முகவரி, வங்கிக் கணக்கிலும் அதே. நான் குடியிருந்ததோ டொரண்டோவின் நடுமத்தியில், செயின்ட் ஜேம்ஸ் டவுனில். அந்த மாதம் கொட்டிய பனியை வழித்து நடைபாதை ஓரம் இடுப்புயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்த ஊரில்தான் இருக்கிறேன் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லையே என்று யோசித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த பெண்மணி ரொம்பத் தன்மையாகப் பேசினார், அதனால் கோபப்படவும் முடியவில்லை.

இது ஒரே நாளில் வந்த வினை இல்லை. நான் திருச்சிக்காரன். 2017இல் மாணவனாக வந்து ஏழு வருடம் பிராம்ப்டனில் பேஸ்மென்ட் பேஸ்மென்ட்டாக மாறிக்கொண்டிருந்தேன். 2024 செப்டம்பரில் டவுன்டவுனில் வேலை கிடைத்தது. தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வருவதைவிட நடந்துபோகும் தூரத்தில் ஓர் அறை பார்க்கலாம் என்று தேடியபோது, வாட்ஸ்அப் குழு ஒன்றில் நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் போட்டிருந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டு படுக்கையறை வீடு. அதில் ஏற்கெனவே நாலு பேர், ஐந்தாவதாக நான். முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, அதற்கு மேல் 'டேமேஜ் டெபாசிட்' என்று 600 டாலர். தமிழில் பேசினார், சாப்பிட்டீர்களா என்று கேட்டார். எழுத்தில் எதுவும் வாங்காமல் கொடுத்துவிட்டேன்.

ஒன்டாரியோவில் வாடகை வீட்டுக்குக் கடைசி மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம். சாவிக்கு, அதை மாற்ற ஆகும் செலவு அளவுக்கு, திருப்பித் தரக்கூடிய ஒரு தொகை வாங்கலாம். சேத வைப்பு என்று தனியாக எதுவும் வாங்கக் கூடாது. இது எனக்கு அப்போது தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்றும் தெரியாது. வீட்டு உரிமையாளரிடம் லீஸ் போட்டவர் அவர். நான் அவருக்குக் கீழே இருப்பவன். அப்படி இருப்பவர்களுக்கு வாடகைதாரர் சட்டத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. இதை ஒரு பாராலீகல் அம்மா, அதாவது வக்கீல் இல்லாமலே சட்ட ஆலோசனை தர உரிமம் உள்ளவர், எனக்கு விளக்கினார். அரைமணி நேரப் பேச்சுக்கு 150 டாலர். வாடகைத் தகராறுகளுக்கான வாரியம் உங்கள் வழக்கை எடுக்காது, சிறு வழக்கு நீதிமன்றம்தான் வழி, அதற்கும் ரசீது வேண்டும் என்றார். ரசீது எங்கே இருக்கிறது? வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் இருக்கிறது. அவ்வளவுதான். பணம் கொடுத்தால் பெயர், முகவரி, தேதி, எதற்காக என்று நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம ஆள்தானே என்று விட்டுவிடாதீர்கள். நம்ம ஆளிடம்தான் கேட்கக் கூச்சமாக இருக்கும், அதனாலேயே கட்டாயம் கேட்க வேண்டும்.

செயின்ட் ஜேம்ஸ் டவுன் என்பது 1960களில் எழுந்த அடுக்குமாடிக் கூட்டம். வேலைக்குப் போகும் தனியாட்களுக்கும் இளம் தம்பதிகளுக்கும் என்று நினைத்துக் கட்டினார்களாம். இன்றைக்கு அதே வீடுகளில் குடும்பம் குடும்பமாக வசிக்கிறார்கள். லிஃப்டில் காலை எட்டு மணிக்கு ஏறினால் தகாலோக், நேபாளி, தமிழ், அம்ஹாரிக் எல்லாம் ஒரே மூச்சில் காதில் விழும். பிலிப்பைன்ஸ் மக்கள் இங்கே நிறைய. தமிழர்கள் ஒரு காலத்தில் இன்னும் நிறைய. என் கதையில் இரண்டு தடவை உதவிக்கு வந்த ஓர் அக்கா இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், 1991இலிருந்து இதே வளாகத்தில் இருப்பவர். "வந்து இறங்கின எங்கட ஆக்கள் கனபேர் முதல்ல இந்தக் கட்டடங்களிலதான் இருந்தவை தம்பி. பிறகு வீடு வாங்கி ஸ்காபரோவுக்குப் போட்டினம். நான்தான் போகேல்லை" என்பார். 2018 ஆகஸ்டில் 650, பார்லிமென்ட் தெருக் கட்டடத்தில் மின்சாரத் தீ பிடித்து ஏறக்குறைய 1,500 பேர் வெளியேற வேண்டியிருந்தது. அவர்கள் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் கட்டடத்துக் குடும்பம் ஒன்று அக்காவின் கூடத்தில் மூன்று வாரம் தங்கியிருந்ததாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் எங்கள் தளத்தில் ஹீட்டர் நின்றுபோனது. வெளியே மைனஸ் பதினைந்து. இரண்டு சட்டைக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு தூங்கினோம். நம் ஊர்ப் பழக்கத்தில் எனக்கு முதலில் தோன்றியது எம்.பி.க்கு எழுதுவதுதான். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் எம்.எல்.ஏ.விடம் மனு, மருமகனுக்கு மாற்றல் வேண்டுமென்றாலும் அவரிடமே மனு என்று வளர்ந்தவன் இல்லையா. மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, இது நகராட்சி சம்பந்தப்பட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதைச் சரியாகப் படிக்காமல் மாகாண உறுப்பினரின் அலுவலகத்தைத் தேடிக்கொண்டு போனேன். இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பார்லிமென்ட் தெரு என்று பெயர் இருக்கிறதே, அரசாங்க அலுவலகம் ஏதாவது அந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்து அதன் தெற்கு முனை வரை குளிரில் நடந்தேன். மேல் கனடாவின் (ஒன்டாரியோவின் அந்தக் காலத்துப் பெயர்) முதல் சட்டமன்றக் கட்டடம் அந்தக் கோடியில் இருந்தது உண்மைதான். ஆனால் 1813இல் அமெரிக்கப் படை அதைக் கொளுத்திவிட்டது. நான் இருநூறு வருடம் தாமதம்.

ஐந்தாம் நாள் லிஃப்டில் அக்காவைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே கேட்டார். சொன்னேன். "எம்பிக்கு ஏன் எழுதினீங்கள்? 311க்கு அடியுங்கோ. தமிழிலயும் கதைக்கலாம், மொழிபெயர்க்க ஆள் தருவினம்" என்றார். 311 என்பது டொரண்டோ நகராட்சியின் தொலைபேசி எண். குளிர்காலத்தில் வாடகை வீட்டை உரிமையாளர் 21 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது நகராட்சி விதி. முதலில் கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு 311ஐக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன், பதிவு எண் கொடுத்தார்கள், ஆய்வாளர் வந்தார், மறுநாள் சூடு வந்தது. ஐந்து நாள் நான் விறைத்ததெல்லாம் வீண். வீட்டில் ஒரு சின்ன வெப்பமானி வைத்துக்கொண்டு, நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். "ரொம்பக் குளிருது" என்று சொல்வதைவிட "இரவு 11.40க்கு 14 டிகிரி" என்று சொன்னால் பதில் வேறு மாதிரி வருகிறது.

சூடு வந்த கையோடு வீட்டில் வெயில் ஏறியது. லீஸ்காரர் கொதித்துப்போனார். "யாரைக் கேட்டு கம்ப்ளெயின்ட் கொடுத்தீங்க? ஆய்வாளர் உள்ள வந்து அஞ்சு படுக்கையப் பார்த்துட்டுப் போறார்!" என்றார். ஐந்து பேர் இருப்பது நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு. மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். 600 டாலரைக் கேட்டதற்கு, சுவரில் ஆணி அடித்திருக்கிறாய் என்றார். அந்த ஆணி நான் வருவதற்கு முன்பே இருந்தது, அதில் அவருடைய முருகன் காலண்டர்தான் தொங்கியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே வளாகத்தில் இன்னொரு கட்டடத்துக்கு, அக்காவின் தளத்துக்கே, ஒரு தஞ்சாவூர்ப் பையனோடு பகிர்ந்துகொள்ளப் போனேன். அங்கேயும் லீஸில் என் பெயர் உடனே ஏறவில்லை. அதன் விளைவுதான் முதலில் சொன்ன பிப்ரவரி 27.

ஓட்டுப் போடாமல் திரும்பிய அன்று மாலை அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு காகிதத்தில் மூன்று கோடு கிழித்தார். எம்.பி. தொகுதியின் பெயர் டொரண்டோ சென்டர். மாகாண உறுப்பினரின் தொகுதிப் பெயரும் டொரண்டோ சென்டர். நகராட்சியில் 13ஆம் வார்டு, அதற்கும் பெயர் டொரண்டோ சென்டர். நான் குழம்பியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 2018இல் மாகாண அரசு டொரண்டோவின் வார்டுகளை 47இலிருந்து 25ஆகக் குறைத்தபோது, எம்.பி. தொகுதிகளின் எல்லைகளையே வார்டு எல்லைகளாக எடுத்துக்கொண்டது. அப்போது மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருந்தன. பிறகு மக்கள்தொகைக்கு ஏற்ப எம்.பி. தொகுதிகளை மறுபடி வரைந்தார்கள். நாடாளுமன்ற இடங்கள் 338இலிருந்து 343 ஆயின, டொரண்டோவுக்கோ 25இல் ஒன்று குறைந்து 24. வார்டும் மாகாணத் தொகுதியும் பழைய கோட்டிலேயே நிற்கின்றன. பெயர் ஒன்று, கோடு வேறு. எல்லைப் பக்கத்துத் தெருக்களில் இருப்பவர்கள் தங்கள் அஞ்சல் குறியீட்டை, மத்தியத் தேர்தலை நடத்தும் அமைப்பான தேர்தல் கனடாவின் தளத்தில் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று போகாதீர்கள்.

வேலைப் பங்கீடு இப்படி: ஹீட்டர், கரப்பான்பூச்சி, குப்பை, நடைபாதைப் பனி எல்லாம் நகராட்சி. வாடகைச் சட்டம், மருத்துவ அட்டை, ஓட்டுநர் உரிமம், பள்ளிக்கூடம் மாகாணம். விசா, குடியுரிமை, பாஸ்போர்ட், வருமான வரி, வேலையிழப்புக் காப்பீடு மத்திய அரசு, அதற்குத்தான் எம்.பி. இதில் இன்னொரு விசித்திரம், இதே தெருக்காரர்கள் 1993இலிருந்து எம்.பி. தேர்தலில் லிபரல் கட்சியையே தேர்ந்தெடுக்கிறார்கள், மாகாணத்துக்கு 2018இலிருந்து புதிய ஜனநாயகக் கட்சியை. இரண்டுக்கும் ஒரே கட்சி என்று நினைத்துக்கொண்டு நான் ஓர் அலுவலகத்தில் இன்னொருவரைப் பற்றிக் கேட்டு அசடு வழிந்தேன்.

தொகுதியின் பழைய கதை அக்காவுக்கு அத்துபடி. இதன் பெயர் முன்பு ரோஸ்டேல். பணக்காரப் பேட்டையின் பெயர். பிறகு டொரண்டோ சென்டர்–ரோஸ்டேல், 2004இலிருந்து டொரண்டோ சென்டர். அப்போதும் ரோஸ்டேல் மாளிகைகளும் செயின்ட் ஜேம்ஸ் டவுன் கோபுரங்களும் ஒரே தொகுதிதான். 2015இல்தான் ரோஸ்டேல் பிரிந்து போனது. பில் கிரஹாம், பாப் ரே, கிறிஸ்டியா ஃப்ரீலாண்ட், பில் மோர்னோ, மார்சி இயன் என்று பெரிய பெயர்களாகவே இங்கிருந்து போயிருக்கின்றன. அக்காவுக்கு மறக்காதவர் பாப் ரே. 2009 ஜூனில், போர் முடிந்த கையோடு அவர் இலங்கைக்குப் போனபோது கொழும்பு விமான நிலையத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "எங்கட எம்பியை உள்ள விடேல்லை. அண்டைக்குத்தான் எனக்கு இது எங்கட தொகுதி எண்டு வந்தது" என்றார் அக்கா. அவர் அதற்கு முன்பு தேர்தல் எதிலும் ஓட்டுப் போட்டதே இல்லையாம்.

அந்த மார்ச் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொகுதியை நடந்து பார்க்க ஆரம்பித்தேன். வேறொன்றும் இல்லை, மூன்று தடவை தவறான கதவைத் தட்டியவனுக்கு ஒரு ரோஷம். இதில் ஒரு வசதி, 2015 வரைபடத்தின்படி தொகுதியே சுமார் ஆறு சதுர கிலோமீட்டர்தான். இதே கனடாவில் நூனவூட் என்ற ஒற்றைத் தொகுதி இந்தியாவின் பாதியைவிடப் பெரியது. அங்கே எம்.பி. விமானத்தில் ஏறித்தான் வாக்காளரைப் பார்க்க வேண்டும். இங்கே செருப்பு போதும். குளிர்காலத்தில் பூட்ஸ்.

எங்கள் கோபுரங்களிலிருந்து பார்லிமென்ட் தெருவைத் தாண்டினால் கேபேஜ்டவுன். ஐரிஷ் ஏழைகள் வந்து குடியேறி வீட்டு முன்புறத்தில் முட்டைக்கோஸ் போட்டதால் வந்த பெயர் என்பார்கள். இன்று அங்கே செங்கல் வைத்த விக்டோரியன் வீடுகள், வாசலில் பித்தளைத் தட்டு, விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதன் கிழக்குக் கோடியில் ரிவர்டேல் பண்ணை, நகரத்துக்கு நடுவே மாடும் பன்றியும் கோழியும். சாணி வாசனை எட்டியதும் எனக்கு மணப்பாறை ஞாபகம் வந்தது. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு படுக்கையறையில் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று மாடியில் இரண்டு பேர். இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே பெட்டியில்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

தெற்கே இறங்கினால் ரீஜென்ட் பார்க். 1940களின் கடைசியில் தொடங்கிய, கனடாவின் முதல் பெரிய அரசுக் குடியிருப்பு. குற்றம், வறுமை என்று பெயர் கெட்டுப்போய், 2005இலிருந்து இடித்து இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். அரசு வாடகை வீடுகளையும் விற்பனைக்கான கண்ணாடிக் கோபுரங்களையும் கலந்து கட்டுவதுதான் திட்டம். அங்கே ஒரு நல்ல பொது நீச்சல்குளம் இருக்கிறது. அதன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வங்காளதேசத்துப் பெரியவர் ஒருவர், "பழைய கட்டடம் அசிங்கமாக இருந்தது, ஆனால் எல்லாரையும் எனக்குத் தெரியும். இப்போது அழகாக இருக்கிறது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அதற்கு மேற்கே மாஸ் பார்க், டன்டாஸும் ஷெர்போர்னும் சேரும் இடம். வீடற்றவர்கள், தங்கும் விடுதிகள், போதையில் விழுந்தவர்கள். முதல் தடவை வேகமாக நடந்து கடந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்புறம் தெரிந்துகொண்டேன், வீடற்றவர்களும் ஓட்டுப் போடலாம். தங்கும் விடுதி கொடுக்கும் கடிதம் அவர்களுக்கு முகவரிச் சான்று. சம்பளம் வாங்கும் எனக்கு இல்லாத சான்று அவர்களிடம் இருந்தது.

இன்னும் மேற்கே சர்ச் தெரு, தன்பாலின மக்களின் பேட்டை. 1981 பிப்ரவரியில் போலீஸ் ஒரே இரவில் அவர்களுடைய குளியல் விடுதிகளில் புகுந்து முந்நூறு பேருக்கு மேல் கைது செய்தது, மறுநாள் இரவே ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். இன்று உலகம் அறிந்த ஊர்வலம் நடக்கும் இடம். அதை ஒட்டி, பெயர் மாற்றிக்கொண்ட டொரண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம், மாணவர் கூட்டம், பழைய ஹாக்கி அரங்கமான மேப்பிள் லீஃப் கார்டன்ஸுக்குள் ஒரு மளிகைக்கடை. இத்தனையும் என் வீட்டிலிருந்து அரைமணி நேர நடைக்குள். ஏழு வருடம் கனடாவில் இருந்தும், பிராம்ப்டனில் என் தொகுதியின் பெயரைக்கூட நான் தெரிந்துவைத்திருக்கவில்லை.

மார்ச் 23 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, ஏப்ரல் 28 தேர்தல் என்று அறிவிப்பு. இந்தத் தடவை விடக் கூடாது என்று இறங்கினேன். வங்கியில் முகவரி மாற்றினேன், கைபேசி நிறுவனத்தில் மாற்றினேன், ஓட்டுநர் உரிமத்திலும் மாற்றினேன். உரிமத்தில் ஆறு நாளைக்குள் மாற்ற வேண்டும் என்பது சட்டம். நான் ஏழு மாதம் கழித்து மாற்றினேன். வாக்காளர் பதிவேட்டில் என் பெயர் இல்லாததற்குக் காரணமும் புரிந்தது. வருமான வரிப் படிவத்தில், குடிமகனாக இருந்தால் உங்கள் விவரத்தைத் தேர்தல் கனடாவுக்குத் தரலாமா என்று ஒரு கேள்வி வரும். வருடா வருடம் அதைத் தாண்டிப் போகும் பழக்கத்தில், குடிமகன் ஆன பிறகும் தாண்டிவிட்டேன். ஏப்ரல் கடைசிக்குள் எப்படியும் வரி கட்டப்போகிறோம், அந்த ஒரு பெட்டியை டிக் செய்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு கூத்து நடந்தது. ஏப்ரல் 18 முதல் 21 வரை, ஈஸ்டர் விடுமுறையில், முன்கூட்டி ஓட்டுப் போடலாம். பெரிய வெள்ளிக்கிழமை காலையே, பிப்ரவரியில் போன அதே இடத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். வரிசை தெருவைச் சுற்றி வளைந்திருந்தது. அந்த நாலு நாளில் நாடு முழுக்க 73 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள், அதுவரை இல்லாத கூட்டம். ஒரு மணி நாற்பது நிமிடம் நின்று உள்ளே போனால், அது வேறு தெருக்காரர்களுக்கான சாவடி. மாகாணத் தேர்தலை நடத்துவது ஓர் அமைப்பு, மத்தியத் தேர்தலை நடத்துவது இன்னோர் அமைப்பு, சாவடிகளும் வேறு வேறு. தப்பு என்னுடையதுதான், கைபேசியில் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். மறுபடி வேறு வரிசையில் நிற்கத் தெம்பில்லாமல், 28ஆம் தேதி பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன்.

28 திங்கட்கிழமை. என் ஷிஃப்ட் காலை 11 முதல் இரவு 7. ஓட்டுப்பதிவு இங்கே காலை 9.30 முதல் இரவு 9.30. வாக்காளருக்குத் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் முதலாளி சம்பளத்தை வெட்டாமல் அந்த நேரத்தைத் தர வேண்டும். எனக்கு ஏழு மணிக்குப் பிறகு இரண்டரை மணி நேரம்தான். மேலாளரிடம் சொன்னேன், அரைமணி முன்னதாக அனுப்பிவிட்டார். பிப்ரவரியிலும் மாகாணச் சட்டத்தில் இதே மூன்று மணி நேர உரிமை இருந்தது. ஒரு மணி நேரம் கேட்டிருந்தால் போதும், நான் ஒரு நாள் சம்பளத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

சாவடியில் நானும் தஞ்சாவூர்ப் பையனும் அக்காவும் சேர்ந்து போனோம். புதிய ஓட்டுநர் உரிமம் எனக்கு இன்னும் தபாலில் வரவில்லை. பையனும் புதுக் குடிமகன்தான், அவனிடம் பாஸ்போர்ட் மட்டும் இருந்தது, கனடாப் பாஸ்போர்ட்டில் முகவரியை நாமே கையால் எழுதுவதால் அது முகவரிச் சான்றாகாது. மத்தியத் தேர்தலில் ஒரு வழி உண்டு. அதே சாவடியில் ஓட்டுள்ள, நம்மைத் தெரிந்த ஒருவர், தன் அடையாளத்தையும் முகவரியையும் காட்டி எழுத்தில் உறுதி கொடுத்தால் நாம் ஓட்டுப் போடலாம். ஆனால் ஒருவர் ஒரே ஒருவருக்குத்தான் உறுதி கொடுக்க முடியும். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, உங்களிட்ட வங்கிக் கடுதாசி இருக்குதானே? அப்ப நான் இவனுக்குப் போடுறன்" என்றார். பெயருள்ள இரண்டு ஆவணம், அதில் ஒன்றில் தற்போதைய முகவரி. என் வங்கி அறிக்கையும் வங்கி அட்டையும் போதுமானதாக இருந்தது. பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, மடித்துப் பெட்டிக்குள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரவு முடிவு வந்தது, பத்திரிகையாளராக இருந்த இவான் சாலமன் லிபரல் கட்சிக்காக ஜெயித்தார். நான் யாருக்குப் போட்டேன் என்பதை அக்காவிடமே சொல்லவில்லை.

தலைப்பில் சொன்ன 1,818 டாலரில் 168, 600, 150 போக மீதி 900 டாலர் கணக்கு பாக்கி இருக்கிறது. அம்மாவை ஒரு தடவை இங்கே கூட்டிவர 2024 அக்டோபரில் ஓர் ஏஜென்டிடம் பார்வையாளர் விசாவுக்குக் கொடுத்தேன். அரசுக் கட்டணம் 100 டாலர், கைரேகைக்கு 85. அதைத் தனியாகக் கட்டினேன், 900 அவருடைய கூலி. டிசம்பரில் மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை. காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்பவர், வக்கீல் போன்றவராக இல்லாவிட்டால், குடிவரவு ஆலோசகர்களின் கல்லூரியில் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதன் பதிவேடு எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. நான் ஏப்ரலில்தான் பார்த்தேன், அவர் பெயர் அதில் இல்லை.

ஜூனில் எம்.பி.யின் தொகுதி அலுவலகத்துக்குப் போனேன். இந்தத் தடவை சரியான கதவு. அங்கே காசு எதுவும் கிடையாது. மறுத்த முடிவை எங்களால் மாற்ற முடியாது, கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க முடியும், அவ்வளவுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஏன் மறுத்தார்கள் என்று அதிகாரி எழுதிய குறிப்பை, தகவல் அறியும் சட்டப்படி ஐந்து டாலர் கட்டி வாங்கலாம் என்றும் தெரிந்துகொண்டேன். வாங்கினேன். அம்மாவின் பெயரிலுள்ள வீட்டுப் பத்திரமும் என் வேலைக் கடிதமும் கோப்பிலேயே இல்லை. இரண்டையும் நான் ஏஜென்டிடம் கையில் கொடுத்திருந்தேன்.

ஜூலையில் நானே உட்கார்ந்து மறுபடி விண்ணப்பம் போட்டேன், இரண்டு ராத்திரி வேலை. லீஸில் இப்போது என் பெயர் இருக்கிறது, அதன் நகலையும் இணைத்தேன். அம்மா தினமும் போனில், "அங்க குளிரு எப்ப ஆரம்பிக்கும், ஸ்வெட்டர் இப்பவே வாங்கட்டுமா?" என்று கேட்கிறாள். விசா வரட்டும் அம்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.